டெப் கோப்பை நிறுவினால் "பெர்மிஷன் டினைட்" என்று வருகிறது, அவசரம்

பிறைப்பையன்: வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் சென்டர் கணினிகளில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்டுத் தருகிறேன். பிரிண்டர் டிரைவரின் டெப் கோப்பை (உபுண்டுவில் நிறுவும் மென்பொருள் பொதி) நிறுவியதும் "டவுன்லோட் இஸ் பெர்ஃபார்ம்ட் அன்சாண்ட்பாக்ஸ்ட் ஆஸ் ரூட்" என்று ஒரு நீள வரி, முடிவில் "13: பெர்மிஷன் டினைட்". எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதேதான். கோப்பு கெட்டதா? நாளை காலை பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

செந்தூல்வாசி: எந்த உபுண்டு? என்ன கட்டளை? கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது? கடைசி வரியை மட்டும் போட்டால் எப்படித் தம்பி, மேலே உள்ளதையும் போடுங்கள்.

கேஎல்முத்து: அனுமதிப் பிரச்சினைதான். ஹோம் ஃபோல்டர் முழுக்க சிஎச்மோட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுங்கள், எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

கருந்திரை: 777 வேண்டவே வேண்டாம்! அந்தக் கணினியில் கணக்கு உள்ள யாரும் எந்தக் கோப்பிலும் கைவைக்கலாம். இதற்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் பிழை, டபிள்யூ என்றால் எச்சரிக்கை, "என்" என்றால் வெறும் அறிவிப்பு. இது "என்". கோப்பை எடுத்துவரும் வேலையை ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை, ரூட்டிடம் (முழு அதிகாரம் உள்ள பயனர்) விடாமல் "_ஆப்ட்" என்ற அதிகாரம் குறைந்த பயனரிடம் கொடுக்கும். 21.04 பதிப்பிலிருந்து உபுண்டுவில் புதிய ஹோம் ஃபோல்டர்களுக்கு 750 அனுமதி (சொந்தக்காரருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும்), அந்தப் பயனர் உள்ளே நுழைய முடியாது. அதனால் ரூட்டே படித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

செந்தூல்வாசி: விளக்கம் சரி. ஆனால் நல்லபடியாக முடிந்த வேலைக்குக் கடைசி வரி "அனுமதி மறுப்பு" என்றா இருக்க வேண்டும்? புதிதாக வருகிறவர் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கத்தான் செய்வார்.

கருந்திரை: ஒரு பாதுகாப்புப் படி தவறியதை மறைக்கச் சொல்கிறீர்களா?

செந்தூல்வாசி: மறைக்க யார் சொன்னது? பொதி நிறுவப்பட்டது என்று கீழே ஒரு வரி சேர்க்கட்டும் என்கிறேன்.

கேஎல்முத்து: ஆப்ட்டுக்குப் பதில் "டிபிகேஜி -ஐ" என்ற கட்டளை கொடுத்தால் இந்த வரியே வராதே.

செந்தூல்வாசி: வராது அண்ணே, தேவையான மற்ற பொதிகளையும் அது இழுத்து வராது, அப்புறம் அதற்கு ஒரு தனி இழை போட வேண்டியிருக்கும். தம்பி, கோப்பை எல்லாப் பயனரும் நுழையக்கூடிய டெம்ப் ஃபோல்டரில் நகலெடுத்து அங்கிருந்து ஆப்ட் கொடுங்கள். பிறகு "டிபிகேஜி -எல்" (சிறிய எல்) போட்டு, பொதியின் பெயருக்கு முன்னால் "ஐஐ" இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிறுவியாயிற்று.

பிறைப்பையன்: உபுண்டு 24.04. கோப்பு டவுன்லோட்ஸில் இருந்தது. டெம்பில் வைத்துப் போட்டேன், அந்த வரி வரவில்லை. ஐஐ இருக்கிறது. நன்றி அண்ணே. பிரிண்டர் மட்டும் இன்னும் லிஸ்டில் இல்லை.

செந்தூல்வாசி: அது வேறு கதை. யூஎஸ்பியா, வைஃபையா? என்ன மாடல்?