பர்ஸைத் தூக்கிப் போட்டாச்சு: போன் முதுகில் ஒட்டும் கார்டு உறை போதாதா?

மேற்குமாம்பலம்:
இரண்டு மாதமாகப் பர்ஸ் இல்லாமல்தான் நடமாடுகிறேன். ரங்கநாதன் தெரு நடைபாதையில் வாங்கிய துணி உறை ஒன்று போன் கவரின் முதுகில் ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒரு டெபிட் கார்டு, மெட்ரோவுக்குச் சிங்காரச் சென்னை அட்டை, ஆபத்துக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நோட்டை நீளவாக்கில் பாதி, குறுக்கே பாதி மடித்தால் கார்டைவிடச் சின்னதாகிவிடும். லைசென்ஸும் வண்டி ஆர்சியும் டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில்.

பழைய பர்ஸை மேசையில் கொட்டிப் பார்த்தேன். மை அழிந்த ஏடிஎம் சீட்டுகள், என்னைப் போலவே இல்லாத ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, யாருடையது என்றே தெரியாத இரண்டு விசிட்டிங் கார்டு, திருத்தணி விபூதி. இதையா இத்தனை வருஷம் பின்பாக்கெட்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்? பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன், போனை மறந்ததே இல்லை. அப்புறம் எதற்கு இரண்டு? மறுப்பவர்கள் வரலாம்.

காசாளர் (ஓய்வு):
வந்துவிட்டேன் தம்பி. மறப்பது வேறு, தொலைப்பது வேறு.

ஆன்லைனில் பணம் எடுக்க என்ன வேண்டும்? கார்டு எண், காலாவதி மாதம், பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி, போனுக்கு வரும் ஓடிபி. கார்டு ஒருவன் கைக்குப் போனாலும் ஓடிபி உங்களிடம்தான் வரும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது. நீங்கள் இரண்டையும் கம் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

போதாக்குறைக்கு, கார்டை இயந்திரத்தின் மேல் தட்டிப் பணம் கட்டும் வசதி. 2021 ஜனவரியிலிருந்து ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது.

மேற்குமாம்பலம்:
சார், போனில் விரல்ரேகைப் பூட்டு இருக்கிறது. பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடியும் வைத்திருக்கிறேன். ஓடிபி வந்தால் எப்படிப் படிப்பான்? தட்டும் வசதியை ஆப்பில் ஒரு நொடியில் அணைத்துவிடலாம்.

நெல்லைத்தம்பி:
அண்ணே, அந்த ஆப் எந்த போனில் இருக்கிறது?

ஸ்பேனர்:
செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். விரல்ரேகை உங்கள் போனைப் பூட்டும், சிம்மைப் பூட்டாது. திருடுகிறவன் உங்கள் திரையோடு மல்லுக்கட்ட மாட்டான். ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்தினால் டிரே வெளியே வரும். சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டால் உங்கள் ஓடிபி அவனுக்கு வரும்.

இதற்கு மருந்து சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் ரகசிய எண். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் சிம் லாக் என்று இருக்கும். போட்டுவிட்டால் வேறு போனில் செருகும்போது அந்த எண்ணைக் கேட்கும், மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், போட்டவரைத் தேடத்தான் வேண்டும். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈ-சிம் என்றால் பிடுங்கவே முடியாது.

பாக்கெட் இல்லாதவள்:
இங்கே பேசுகிற எல்லாருக்கும் பேன்ட்டில் நாலு பாக்கெட் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் சுடிதாரில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இருக்கும் வழி தோள்பை அல்லது கை. கூட்டமான பஸ்ஸில் தோள்பையை பிளேடு போட்டு அறுத்து, உள்ளிருந்த மணிபர்ஸை மட்டும் உருவிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து குடையை எடுக்கும்போதுதான் பார்த்தேன். போன் கையிலேயே இருந்தது, பிழைத்தது. அன்றிலிருந்து கார்டும் போன் முதுகில்தான். கையில் இருக்கும் பொருளைத்தான் நான் பத்து வினாடிக்கு ஒரு முறை பார்க்கிறேன்.

இன்னொன்று. கண்ணாடிக் கவருக்குள் நூறு ரூபாய் நோட்டும் முருகன் படமும் செருகி வைக்காத ஒரு போனை இந்த ஊரில் காட்டுங்கள். அப்போதெல்லாம் பாதுகாப்பு பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. உறைக்கு ஒரு பெயர் வந்ததும் ஆபத்தாகிவிட்டதா?

காசாளர் (ஓய்வு):
நூறு ரூபாய் போனால் நூறோடு போகும் அம்மா. கார்டு போனால் கணக்கில் இருப்பது போகும், அதுதான் வித்தியாசம். மற்றபடி உங்கள் பை அறுந்த கதைக்கு என்னிடம் பதில் இல்லை.

நெல்லைத்தம்பி:
நானும் இதே மாதிரி வைத்திருந்தவன்தான். இப்போது எதிர்க்கட்சி. காரணம் சொல்கிறேன்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்திருந்த போன், இறங்கும்போது சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவே போய்விட்டது. ஆட்டோ போன பிறகுதான் உறைத்தது. கார்டை முடக்க பேங்குக்குப் பேச வேண்டும். அந்த எண் எங்கே? கார்டின் பின்னால் அச்சடித்திருக்கிறது. கார்டு போன் முதுகில், போன் ஆட்டோவில். டீக்கடைக்காரரிடம் போன் கேட்டு வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் மனைவி எண் ஒன்றுதான், அவளோ தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டாள். ஆறு தடவை அடித்தேன். வேறு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம் என்றால் கையில் காசு இல்லை, யுபிஐ இல்லை, அந்த ஐந்நூறு ரூபாயும் அதே உறையில். இரண்டரை கிலோமீட்டர் நடந்தேன்.

பணம் எதுவும் போகவில்லை, அடுத்த நாள் ஆட்டோக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அந்த நடை மறக்காது. பர்ஸ் தனியாக இருந்திருந்தால் அது வெறும் போன் தொலைந்த கதையாக இருந்திருக்கும்.

மேற்குமாம்பலம்:
இது கொஞ்சம் சுடுகிறது. ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு தம்பி. போன மாதம் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்து பெட்ரோல் பங்கில் நின்றேன். யுபிஐ செத்துவிட்டது, முதுகில் இருந்த கார்டு சாகவில்லை.

உறையில் எனக்கு நிஜமாகவே எரிச்சல் தந்தது வேறொன்று. மெட்ரோ வாசலில் போனோடு சேர்த்து வைத்தால் கதவு திறக்காது. டெபிட் கார்டும் தட்டும் வகை, மெட்ரோ அட்டையும் அதே வகை. இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் இயந்திரம் குழம்பிவிடுகிறது. நடுவில் என் போன் வேறு ஏதோ சிக்னல் கிடைத்ததாக டிங் என்று ஒலி எழுப்பும். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். கடைசியில் நகத்தால் அட்டையைத் தோண்டி எடுத்துத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. பர்ஸிலிருந்து எடுப்பதே சுலபம், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பேனர்:
தோண்டி எடுக்க வேண்டியிருந்தால் துணி இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். முதல் வாரம் ஆசையில் நாலு கார்டு திணிப்பவர்கள் உண்டு. துணி இழுபட்டுவிடும். பிறகு ஒன்றாகக் குறைத்தால் அது உள்ளே ஆடும், குனியும்போது நழுவும்.

சிலிகோன் கவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள், சாதாரணப் பசை அதில் நிற்காது. கெட்டி பிளாஸ்டிக் கவர் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் சும்மா விட்டு, அப்புறம் கார்டு வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டி டேங்க் மேல் போன் வைப்பவர்களுக்குப் பசை இளகி உறை மெதுவாகக் கீழே இறங்கும். வயர் இல்லாத சார்ஜர் வைத்திருந்தால் கார்டை எடுத்துவிட்டுப் போடுங்கள், நடுவில் கார்டு இருந்தால் சூடாகும், தட்டும் சில்லும் கெடலாம். காந்தம் பட்டால் கார்டு போய்விடும் என்று பயப்படுவது பெரும்பாலும் பழைய கதை. சில்லுக்குக் காந்தம் ஒன்றும் செய்யாது. கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டைக்குத்தான் ஆபத்து, அதிலும் முதலில் போவது ஓட்டல் அறைச் சாவி அட்டை.

காசாளர் (ஓய்வு):
ஒட்டுவதைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி. தொலைந்த பிறகு என்ன என்பதற்கும் ஒரு வரி: 2017-ல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் அசட்டையால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நஷ்டம் உங்களுடையது. தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது. நெல்லைத்தம்பி டீக்கடையில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவர் கணக்கில்தான் ஓடியிருக்கும்.

பாக்கெட் இல்லாதவள்:
சரி, நேற்று ராத்திரி செய்ததைச் சொல்கிறேன். சிம் பின் போட்டேன். அந்தக் கார்டில் தட்டுவதையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்தேன், ஆன்லைன் வரம்பை 2,000 ஆக்கினேன். சம்பளக் கணக்கு கார்டை எடுத்துவிட்டு, கொஞ்சம் பணம் மட்டும் வைக்கும் இன்னொரு கணக்கின் கார்டை உறையில் வைத்தேன். பேங்கின் போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி டிபன் பாக்ஸ் பையில் போட்டிருக்கிறேன், கூடவே ஒரு இருநூறு ரூபாய். உறையை எடுக்க மாட்டேன்.

காசாளர் (ஓய்வு):
இதற்கு மேல் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. மேற்குமாம்பலம் என்ன செய்யப்போகிறார்?

மேற்குமாம்பலம்:
டெபிட் கார்டை எடுத்துவிட்டேன் சார். மெட்ரோ அட்டை மட்டும் இருக்கிறது. அதில் இருக்கும் பணம் தொலைந்தால் போனதுதான், ஆனால் 2,000-க்கு மேல் ஏற்றவே முடியாது. கதவும் இப்போது ஒரே தட்டில் திறக்கிறது. டெபிட் கார்டு சட்டைப்பையில்.

காசாளர் (ஓய்வு):
அப்படியென்றால் நீங்கள் வைத்திருப்பது பர்ஸ் இல்லை, பஸ் பாஸ் உறை.

மேற்குமாம்பலம்:
இருக்கட்டும் சார், நிம்மதியாக உட்கார முடிகிறது. ஸ்பேனர் அண்ணே, ஒரு சந்தேகம். உறை கோணலாக ஒட்டியிருக்கிறது, பிய்த்து நேராக ஒட்டலாமா?

ஸ்பேனர்:
ஹேர் டிரையரில் அரை நிமிஷம் சூடு காட்டி, நூலை விட்டு அறுத்து எடுங்கள். மறுபடி அதே பசை பிடிக்காது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதுதான் நல்லது.