கலைச்சொல் விவாதம்: புகலிட உதவித்தொகையா, அடைக்கல நல்கையா?

திருநகர்:

அனைவருக்கும் வணக்கம். உயர்கல்விச் சொற்பட்டியலில் ஒரு சொல் பாக்கி. எழுத்துக்காகவோ கருத்துக்காகவோ வேலை பறிபோய், கைதுக்கும் தாக்குதலுக்கும் ஆளாகக்கூடிய பேராசிரியரை வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓரிரு ஆண்டு அமர்த்தும் ஃபெல்லோஷிப். ‘புகலிட உதவித்தொகை’ என்று போட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

மேலூர்:

வேண்டாம் அம்மா. முன்பாதியும் இடிக்கிறது, பின்பாதியும் இடிக்கிறது.

புகலிடம் இன்று சட்டச்சொல். ஓர் அரசிடம் மனுப்போட்டு, அந்த அரசு ஆராய்ந்து தருகிற தகுதி அது. பிரிட்டனில் புகலிடம் கேட்டவர், மனு முடியும்வரை பொதுவாக வேலைக்குப் போக முடியாது. ஃபெல்லோஷிப் தருவதோ வேலையைத்தான். அமெரிக்காவுக்கு ஜே-1 விசா (வருகை ஆய்வாளர் போன்றோருக்கான தற்காலிகப் பரிமாற்ற விசா) கேட்பவர், நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் தமக்கில்லை என்று தூதரகத்தில் காட்ட வேண்டும். அவர் நீட்டும் தாளில் ‘புகலிடம்’ என்று இருந்தால் விசாவே கைநழுவலாம்.

உதவித்தொகை என்றால் நம்மூரில் முதியோர் உதவித்தொகைதான் முதலில் நினைவுக்கு வரும்: விண்ணப்பித்தவர் கணக்கில் மாதாமாதம் விழும் பணம். இங்கே பணம் போகிற வழியே வேறு. நியூயார்க்கில் உள்ள பன்னாட்டுக் கல்வி நிறுவனம் 2002இல் அமைத்த அறிஞர் மீட்பு நிதி, ஓராண்டுக்கு 25,000 டாலர் வரை கொடுக்கிறது. அந்தப் பணம், அறிஞரை ஏற்கும் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேரும். அந்தப் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் ஈடாகத் தன் பங்கைப் போட வேண்டும்.

ஜெர்மனியின் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் திட்டத்தில் அறிஞர் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது. அவரை எடுத்துக்கொள்ள விரும்பும் ஜெர்மன் நிறுவனம்தான் திட்டத்தை நடத்தும் ஹம்போல்ட் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும். காலம் 24 மாதம். ஆபத்து உண்மை என்பதற்கு ஆபத்திலுள்ள அறிஞர்களுக்கு உதவும் ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க், காரா போன்ற அமைப்புகளின், அதாவது மூன்றாம் தரப்பின், சான்று வேண்டும். (புகலிட நடைமுறையில் கிடைத்த குடியிருப்பு அனுமதியையும் ஏற்கிறார்கள். ஆனால் அது ஆபத்துக்குச் சான்றாகத்தான். அந்த நிதியே புகலிடம் ஆகிவிடாது.) பெயருக்குரிய ஷ்வார்ட்ஸ் செய்ததும் இதே வேலைதான்: 1933இல் தாமே தப்பி சூரிச் வந்தவர், வேலை இழந்த ஜெர்மன் பேராசிரியர்களைத் திரட்டி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் அமர்த்தினார்.

ஆக, இதில் மூன்று பேர். சரிபார்த்து ஒப்படைப்பவர், ஏற்பவர், ஒப்படைக்கப்படுபவர். இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே பெயர். நம்பத்தக்க ஒருவர் கைகாட்டுகிறார், ஏற்றவர் பொறுப்பாளி ஆகிறார். என் பரிந்துரை: அடைக்கல நல்கை. (நல்கை என்றால் ஆய்வுக்கு வழங்கும் நிதி.)

செல்லூர்:

மேலூர் ஐயா, கவுந்தியடிகளை விடுங்கள், காலைப் பேப்பரைப் பாருங்கள். ‘குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தவர் கைது.’ இன்றைக்கு அந்தச் சொல் வாழ்வது அங்கேதான்.

இன்னொன்று, பெயர் ஒட்டிக்கொண்டால் உரிப்பது கஷ்டம். 2021இல் தமிழக அரசு இலங்கைத் தமிழர் முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி அறிவித்தது. அத்தகைய முகாம்கள் உள்ள மதுரைப் பக்கத்து ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், ‘அகதி முகாமா?’ என்று திருப்பிக் கேட்பார். ஆள்மேல் ஒட்டிய பெயரும் அப்படித்தான். இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் ஜெர்மனியில் பதவி இழந்தவர், 1935-36இல் சி. வி. ராமன் அழைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். நிரந்தரப் பேராசிரியராக்க ராமன் முயன்றபோது, சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்டவர்தானே என்ற பேச்சு எழுந்ததாகப் போர்னே எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை, 1936இல் எடின்பரோவுக்குப் போய்விட்டார். ஆளை அடைக்கலப்பொருளாகக் காட்டும் சொல் எதுவும் வேண்டாம். ‘ஏம நல்கை’ சரியாக வரும். ஏமம் என்றால் பாதுகாப்பு, சங்கச் சொல், எந்தக் கறையும் இல்லை.

மேலூர்:

கறை இல்லைதான், அதைப் புழங்க ஆளும் இல்லை. ‘ஏம நல்கை’ என்று போட்டால் பாதிப்பேர் ஏமாறும் நல்கை என்று படிப்பார்கள்.

போர்ன் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம், சொல்லை எதன்மேல் ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. நல்கைக்குத்தான் ‘அடைக்கல’ அடைமொழி, ஆளுக்கு இல்லை. ‘அடைக்கல அறிஞர்’, ‘ஏதிலிப் பேராசிரியர்’ (ஏதிலி என்றால் அகதி) இரண்டும் பட்டியலுக்குள் வரக்கூடாது. கைதுச் செய்தியில் ‘அடைக்கலம் கொடுத்தல்’ என்று வினையோடு வருகிறது. ‘அடைக்கல நல்கை’ என்று இரு பெயர்ச்சொல் சேர்ந்த தொகைச்சொல்லாக நின்றால் அந்த வாடை குறையும்.

செல்லூர்:

ஆளுக்கு ஒட்டாது என்றால் சரி. ஆனால் அந்த நபரின் கையில் இருக்கும் அழைப்புக் கடிதத்தில் இந்தச் சொல் எந்த வடிவிலும் வரக்கூடாது. சொந்த நாட்டு விமான நிலையத்தில் குடியேற்றக் கவுண்டரில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். துறை, வழிகாட்டும் பேராசிரியர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதச் சம்பளம், காப்பீடு. இவ்வளவு போதும். ஆபத்து பற்றிய சான்று தனிக் கோப்பு. அது ஒப்படைக்கும் அமைப்புக்கும் ஏற்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால், போன் பறிபோகும் அன்றைக்கு எல்லாமே பறிபோகும்.

திருநகர்:

இருவருக்கும் நன்றி. ‘அடைக்கல நல்கை’ பட்டியலில் ஏறுகிறது. விளக்கம்: துன்புறுத்தலுக்கு ஆளாகும் கல்வியாளரை, மூன்றாம் தரப்பின் சான்றின் பேரில், ஒரு பல்கலைக்கழகம் குறித்த காலத்துக்குப் பணியில் அமர்த்த வழங்கப்படும் நிதி; புகலிடத் தகுதி ஆகாது. ஆளைக் குறிக்கவும் அழைப்புக் கடிதத்துக்கும் ‘வருகைதரு ஆய்வாளர்’ மட்டும். அழைக்கும் பல்கலைக்கழகத்தை ‘ஏற்பு நிறுவனம்’ என்று தற்காலிகமாக எழுதி வைக்கிறேன். மருத்துவமனைக்காரர்கள் உறுப்பு மாற்றத்தில் ‘ஏற்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதோடு மோதுமா என்று செல்லூர் பார்த்துச் சொல்லட்டும்.