பாட்டு வீடியோ: எடுத்ததோ பார்த்ததோ, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று

பட்டர்வொர்த் பையன்

2012-ல், மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் பினாங்கு பெர்ரியில் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்தோம். பழைய பெர்ரி, மேலே ஆள் கீழே வண்டி, 2020 கடைசியோடு நிறுத்தினார்களே அதுதான். நான் கேமரா பக்கம் இல்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும்தான் என் வேலை.

ஸ்லோ மோஷனில் பாடுகிறவர் வாய் பாட்டோடு சேர வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விடுவோம், அந்த வேகத்துக்கே அவர் வாயசைப்பார், கேமரா நொடிக்கு 50 பிரேம் எடுக்கும், அப்புறம் அதை 25-ல் ஓட்டினால் வாய் சரியாகப் பொருந்திவிடும், முடியும் துப்பட்டாவும் மட்டும் மெதுவாகப் பறக்கும். எங்களிடம் இருந்தது கேனான் 60டி. அதில் முழுத் தெளிவான 1080-ல் 50 பிரேம் வராது, தெளிவு குறைந்த 720-க்கு இறங்க வேண்டும், அதற்காகப் படகுத்துறையிலேயே ஒரு சண்டை நடந்தது. அதை விடுங்கள்.

காலை ஏழு மணி, தீவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம். கடலைப் பார்த்த ஓர மூலை இருக்கையில் ஓர் ஆன்டி, மடியில் பிளாஸ்டிக் பையில் மல்லிகைப்பூ. தினமும் அதே இடத்தில் உட்காருகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. டைரக்டருக்கு அந்த மூலைதான் வேண்டும். கேட்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். "ரெண்டே நிமிஷம் ஆன்டி" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து டேக். இரட்டை வேகத்தில் பாட்டு எலிக்குஞ்சு கத்துவதுபோல் கேட்கும். மூன்றாவது டேக் முடிந்ததும் அவர் என்னிடம், "ஏன் தம்பி இந்தப் பாட்டுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த டேக்.

கரை வந்துவிட்டது, எல்லாரும் இறங்கிவிட்டோம். எடிட்டிங்கில் அந்த ஷாட்டையே தூக்கிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, இந்தத் தொழிலில் நடப்பதுதான். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் அந்த இருக்கை காலியாகத்தான் இருந்தது. உட்காருங்கள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இதுதான் இன்னும் உறுத்துகிறது.

செந்தூல் மலர்

எங்கள் வீட்டில் கரோக்கே விசிடி. 2000 வாக்கில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைக் கடைகளில் குவித்துப் போட்டு விற்பார்கள். ஒரு பக்க ஒயரில் பாடகர் குரலோடு வரும், மறுபக்கத்தில் வெறும் இசை. எங்கள் பெட்டியில் சிவப்பு ஒயரைப் பிடுங்கினால் பாடகர் போய்விடுவார், அப்பா வந்துவிடுவார். படத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. காதல் தோல்விப் பாட்டுக்கு ஒரு ஏரி, நாலு வாத்து, குடை பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண்.

அப்பா மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. பெரும்பாலான தட்டுகளில் வரிகள் ரோமன் எழுத்தில் வரும், அதை வைத்துத்தான் பாடுவார். ஒரே ஒரு தட்டில் மட்டும் தமிழ் எழுத்து. ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், கூடத்தில் டிவி வெளிச்சம், சத்தமே இல்லை. இரண்டு ஒயரையும் பிடுங்கிவிட்டிருந்தார். பழைய குண்டு டிவி, கண்ணாடியில் விரல் வைத்தால் சடசடவென்று சின்னச் சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோடு ஒவ்வோர் எழுத்தாக, நிறம் மாற மாற, விரலை நகர்த்தி வாய்க்குள் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 48 வயது.

"என்னப்பா, பாட்டே இல்லாம?" என்று கேட்டுவிட்டேன். உடனே அணைத்துவிட்டார். நான் வீட்டில் இருக்கும்போது அதற்கப்புறம் அவர் அப்படி உட்காரவே இல்லை.

ஆயர் ஈத்தாம் பழைய ஆள்

சகோதரி, கதை மனசைத் தொட்டது. ஆனால் கரோக்கே வேறு, பாட்டு வீடியோ வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

1984-ல் எங்கள் வட்டாரத்து வீடியோ கேசட் கடையில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' போட்டார்கள். 14 நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதற்கு முந்தைய டிசம்பரில் வந்தது. கடை முன் நடைபாதையில், ஐந்தடியில், நிற்க இடமில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். கடைக்காரர் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவர் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டு வீடியோ எதற்கு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. ஆளை நிறுத்துவதற்கு, நின்றவனை வாங்க வைப்பதற்கு.

1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியபோது பாட்டுக் கம்பெனிகள் வீடியோக்களைக் காசு வாங்காமலே கொடுத்தன, விளம்பரம் என்பதால்தான். அதற்கும் முன்னால், 1940-லேயே அமெரிக்காவில் பனோரம் என்று ஒரு பெட்டி, பத்து காசு போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும். எட்டுப் படம் ஒரே சுருளில் இருக்கும், உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது, அடுத்து எது வருகிறதோ அதுதான். எல்லாமே வியாபாரம். இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதை மறைக்கவும் வேண்டாம்.

ரவாங் ரயில்

அண்ணே, விற்பதற்கு மட்டும்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களே தேதியெல்லாம் சொன்னதால் கேட்கிறேன், பீட்டில்ஸ் 1966-ல் ஏன் பாட்டுக்குப் படம் எடுத்தார்கள்? எல்லா நாட்டு டிவி நிலையத்துக்கும் நேரில் போய் நிற்க முடியவில்லை, அதனால் படத்தை அனுப்பினார்கள். 1975-ல் குயின் குழு 'போஹீமியன் ராப்சொடி'க்கு எடுத்ததும் கிட்டத்தட்ட அதே காரணம்தான், பிபிசி நிகழ்ச்சியில் போய் அந்தப் பாட்டுக்கு வாயசைத்து நிற்க முடியாது என்பதால். ஆள் போக முடியாத இடத்துக்கு ஆளை அனுப்பி வைப்பது. விற்பனை அதோடு வருவது.

நம் பக்கத்துக்கு வாருங்கள். 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வந்ததிலிருந்து நாம் பாட்டைக் கண்ணால் பார்த்துத்தான் பழகினோம், ஆனால் திரையில் பாடுகிறவர் எப்போதும் அங்கே இருக்கிறவர். சென்னையில், ஊட்டியில், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பனிமலையில். 2006-ல் யோகி பி & நட்சத்திரா 'வல்லவன்' ஆல்பம் போட்டார்கள். அப்போது எனக்கு 16 வயது. ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, 'மடை திறந்து' வருகிறது. 1980-ல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு, அது எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் முதலில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் அந்த ராப் தொடங்கியது. நம் ஊர்ப் பையன்கள், நம் ஊர் நடை, நம் ஊர் வாய். ரொட்டி சானாய் போடுகிற அண்ணன் மாவை விசிறிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார், மாவு கை மேல் தொங்குகிறது. "இது நம்மாளுங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். கல்லில் இருந்த ரொட்டி கருகியது.

அந்தக் கடையில் அன்றைக்கு எவனும் எதையும் விற்கவில்லை அண்ணே.

ஆயர் ஈத்தாம் பழைய ஆள்

அந்த ஆல்பத்தை நீ காசு கொடுத்து வாங்கினாயா இல்லையா?

ரவாங் ரயில்

வாங்கினேன். இன்னும் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது, ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பாட்டு என்னுடையதாகிவிட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

எடிட்டிங் மேசை, பிரிக்பீல்ட்ஸ்

என் கதை சின்னது. ஒரு பாடகிக்கு வீடியோ வெட்டிக் கொடுத்தேன், வெளியிடுவதற்கு முந்தின வாரம் அவர் தவறிவிட்டார், குடும்பத்தார் வேண்டாம் என்றதால் அது வெளிவரவில்லை. அவர் சிரிக்கத் தொடங்கும் ஒரு பிரேமில் என் டைம்லைன் நின்றிருந்தது. அந்தப் பிராஜெக்டை நான் இன்னும் மூடவில்லை.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களில் பலர் வீடியோ எடுக்கப் போகிறவர்கள் என்று தெரிகிறது, அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பட்டர்வொர்த் தம்பி, ஓடவிடும் பாட்டுக்கு முன்னால் மூன்று பீப் சேருங்கள், ஒவ்வொரு டேக்கிலும் அது கேமரா மைக்கில் பதியட்டும், எடிட்டிங்கில் வாயைப் பொருத்த அரை நாள் மிச்சமாகும். இரட்டை வேகம் என்றால் பீப்பும் இரட்டை வேகத்தில்தான் வரும், பயப்படாதீர்கள். பாடுகிறவரை முந்தின நாளே அந்த வேகத்தில் பழக விடுங்கள், இல்லாவிட்டால் "ள" வரும் இடத்திலெல்லாம் நாக்கு பின்தங்கும், பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். அடுத்தவர் இசைத்தடத்தைக் கரோக்கேயிலிருந்து எடுத்து அதன் மேல் பாடி ஏற்றாதீர்கள், யூடியூப்பில் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது, வீடியோ உங்களுடையது, வருமானம் அவருடையது என்று ஆகிவிடும். சொந்தப் பாட்டு என்றால், பாட்டு உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் எம்ஏசிபி அமைப்பில் இசையமைத்தவரும் எழுதியவரும் பதிந்துகொள்ளுங்கள், அது 1989-லிருந்து இங்கே இருக்கிறது, இன்னும் நம் பிள்ளைகள் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. வீடியோவின் கீழே எல்லார் பெயரையும் எழுதுங்கள், தபேலா வாசித்தவர் பெயரையும், டீ வாங்கி வந்தவர் பெயரையும். கச்சாப் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். 2011-ல் 'கொலவெறி' பரவியதே, அதில் என்ன பெரிய படப்பிடிப்பு? ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு பேர் நின்று பாடுவதுதான் பெரும்பாலும். முகம் உண்மையாக இருந்தது. டிரோன் வாடகைக்குக் கொடுக்கும் காசைப் பாடுகிறவருக்கு இன்னொரு நாள் ஒத்திகைக்குக் கொடுங்கள். முதல் 20 வினாடியில் பெயர்ப்பட்டியல் போடாதீர்கள். அப்புறம், பொது இடத்தில் எடுக்கப் போனால் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். உங்களுக்கு இல்லை, அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறவருக்கு.

நிபோங் திபால்

எல்லாரும் சண்டையும் பாடமும் போட்டு முடித்துவிட்டீர்களா? நான் என் அம்மா கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், 30 வருடம் பால்மரம் வெட்டியவர். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது பேரப்பிள்ளைகள் என் போனில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்தப் பாட்டு, அதைப் பாடிய அறிவு என்பவரின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட பாட்டிலிருந்து வந்தது என்று அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்களுக்கும் பாட்டு இருந்துச்சு" என்றார்.

நான் போனைத் தூக்கினேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போனைப் பார்த்துப் பாடத் தொடங்கினார். விடியாத இருட்டில் மரத்துக்குப் போகிற பாட்டு. பாடும்போது வலது கை தானாகவே உளி பிடித்து, மேலிருந்து கீழே சாய்வாக இழுக்கிறது, பட்டையைத் தொட்டும் தொடாமலும். அந்தக் கையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். 40 வினாடியில் போனில் இடம் இல்லை என்று வந்து பதிவு நின்றுவிட்டது. பிள்ளைகள் இறக்கி வைத்த வீடியோக்கள்.

நான் சொல்லவில்லை. நிறுத்துங்கள் அம்மா, அழித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பாடிக்கொண்டிருந்தார், நாலைந்து நிமிடம், எனக்கு அந்தப் பாட்டு இருப்பதே தெரியாது. நான் அணைந்த போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன். முடித்ததும் "பதிஞ்சிருச்சா?" என்றார். "பதிஞ்சிருச்சும்மா."

இப்போது தீபாவளிக்கு யாராவது வீட்டுக்கு வந்தால், "அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டு" என்கிறார். 40 வினாடியைப் போடுகிறேன். அம்மாவுக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்காது, கை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், முடிந்ததும் வந்தவர்கள் முகத்தைப் பார்க்கிறார்.

செந்தூல் மலர்

அக்கா, இன்னொரு தடவை பாடச் சொல்லுங்களேன். போனில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

நிபோங் திபால்

கேட்டேன் மா. முதல் நாலு வரிக்கு மேல் வரவில்லை.

பட்டர்வொர்த் பையன்

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். பெர்ரி ஷாட் எல்லாம் அப்படியே இருக்கிறது. முதல் டேக்குக்கு முன்னால், போகஸ் பார்ப்பதற்காகக் கேமராமேன் ஓடவிட்ட 9 வினாடி, அதில் அந்த ஆன்டி இன்னும் உட்கார்ந்திருக்கிறார். 50 பிரேமில் எடுத்ததை 25-ல் ஓட்டினால் 18 வினாடி ஓடுகிறது. என் கை ஓரத்தில் வருகிறது, இடம் கேட்கிறேன். அவர் பூப்பையை மடியிலிருந்து எடுக்கிறார், ஒரு கையால் இருக்கையைத் தடவித் துடைக்கிறார், அடுத்து உட்காரப் போகிறவருக்காக. அப்புறம் எழுகிறார்.

அன்றைக்கு நான் இதைக் கவனிக்கவே இல்லை. முகத்தை இங்கே போட மாட்டேன், அவரிடம் கேட்கவில்லை. 2012 வாக்கில் காலை ஏழு மணி பெர்ரியில் பூப்பையோடு தீவுக்குப் போன ஒருவரை யாருக்காவது தெரிந்தால் தனியாக எழுதுங்கள்.