பொருள்: முகம் மனதில் தங்காத நிலைக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். நரம்பியல் புறநோயாளிகளுக்குக் கொடுக்க இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்புதான் இல்லை. மூலத்தில் 'புரோசோபக்னோசியா'. நேற்று உட்கார்ந்து பேசியவரை இன்று பார்த்தால் யாரென்று தெரியாது. வாயைத் திறந்து பேசினால் தெரிந்துவிடும். நிறக்குருடு என்ற சொல் இருப்பதால் வரைவில் 'முகக்குருடு' என்று வைத்திருந்தேன். படித்துப் பார்த்த செவிலியர், "சார், இதை எடுத்துக்கிட்டு எல்லாரும் கண் ஓ.பி.யில போய் நிப்பாங்க" என்கிறார். தவிர, குருடு, செவிடு என்று எழுதுவதை நாம் விட்டு நாளாயிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற சொல்லாகத் தாருங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நம்மிடம் இல்லாத சொல்லா? மறதியைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், பொச்சாவாமை. 'முகப்பொச்சாப்பு' என்று வையுங்கள். வல்லினம் மிகுந்து ஓசையும் நன்றாக விழுகிறது.

'முகம்' வடசொல் ஆயிற்றே என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் மொழியியலாளர் பர்ரோ அதைத் திராவிடத்திலிருந்து வடமொழிக்குப் போன சொல்லாகவே கருதினார். முகப்பு, முகடு, முகை, முகிழ் என்று ஒரு குடும்பமே இங்கே குடியிருக்கும்போது முகம் மட்டும் வாடகைக்கு வந்ததா?

கோவை, நரம்பியல் மருத்துவர்:

ஐயா, முகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிரச்சினை பின்பாதியில். பொச்சாப்பு என்று வள்ளுவர் சொல்வது மகிழ்ச்சி மிதப்பில் வருகிற சோர்வை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிற குற்றம் அது. என்னிடம் வருபவர்கள் ஏற்கெனவே "பார்த்தும் பார்க்காத மாதிரி போறான், திமிர்" என்று சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். கையில் கொடுக்கும் தாளும் அதையே சொல்ல வேண்டாம்.

இது மறதியும் இல்லை. புரோசோபக்னோசியா என்ற பெயரைக் கட்டியவர் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் நரம்பியலாளர், 1947இல். தலையில் குண்டடிபட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்குத் தன் குடும்பத்தாரின் முகம் மட்டுமல்ல, கண்ணாடியில் தெரிந்த தன் முகமே யாருடையதோ. கண், மூக்கு, வாய் தனித்தனியாகத் தெரிகிறது. சேர்த்துப் பார்த்து 'இன்னார்' என்று சொல்ல முடியவில்லை. மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், முகங்களுக்கென்றே மும்முரமாக வேலை செய்யும் ஒரு பகுதி உண்டு. நரம்பறிவியலாளர் நான்சி கான்விஷர் குழுவினர் 1997இல் அதற்குப் பெயரிட்டார்கள். அங்கே பக்கவாதமோ அடியோ பட்டால் இப்படி ஆகலாம். அடிபடாமல் பிறவியிலேயே இருப்பவர்களும் உண்டு, நூற்றில் இரண்டு பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நம் ஊர்த் திருமண மண்டபம் ஒன்றில் ஐந்நூறு பேர் சாப்பிட்டால் பத்துப் பேர்.

கிரேக்கத்தில் புரோசோப்போன் என்றால் முகம். அக்னோசியா என்ற சொல்லை 1891இல் கொண்டுவந்தவர் ஃபிராய்ட். அறியாமை, அவ்வளவுதான். ஆகவே 'முகமறியாமை'.

மதுரை, தமிழாசிரியர்:

அக்னோசியாவுக்குள் இருக்கும் கிரேக்க க்னோசிஸும் (அறிவு) நம் ஞானமும் ஒரே வேரில் வந்தவை என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அப்படியே பெயர்த்தால் 'முகவஞ்ஞானம்' என்று ஆகும். அந்தப் பக்கம் நான் வர மாட்டேன். 'முகமறியாமை'யில் புணர்ச்சிச் சிக்கல் இருக்கிறது. மரம் + அடி மரவடி ஆவதுபோல் ஒரே சொல்லாகத் தொகுத்தால் 'முகவறியாமை' என்றல்லவா வரவேண்டும்? முகத்தை அறியாமை என்று இரண்டாம் வேற்றுமை கொண்டு, முகம் அறியாமை என்றே நிறுத்தினால் ஒப்பலாம்.

சிங்கப்பூர், மென்பொருளாளர்:

மரவடிக்குள் போக வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். முகமறியாமைக்கு வேறொரு தடை இருக்கிறது. 'முகமறியா நண்பர்', 'முகமறியா எதிரி' என்று ஏற்கெனவே புழங்குகிறது. நேரில் பார்த்தே இராதவர் என்று பொருள். இந்தக் குழுவில் நாம் எல்லாருமே ஒருவருக்கொருவர் முகமறியாதவர்கள்தான், அதற்காக மருத்துவரிடம் போக முடியுமா?

என் பரிந்துரை: 'முகம் பிடிபடாமை'. "ஆள் பிடிபடல" என்று பேசுகிறோமே.

கோவை, மருத்துவர்:

திருடன் பிடிபடாமை மாதிரி இருக்கிறது.

யாழ்ப்பாணம், பள்ளி ஆசிரியை:

எங்கட பக்கம் இதற்கு நேரான சொல் இருக்கு. கனகாலத்துக்குப் பிறகு ஒருவரைக் கண்டு யாரென்று தெரியாவிட்டால் "ஆளை மட்டுக்கட்ட முடியேல்லை" என்றுதான் சொல்லுவம். மட்டு என்றால் அளவு. பார்த்து, அளந்து, இன்னார் என்று முடிவுகட்டுதல். டொக்டர் சொல்லுற அந்தச் 'சேர்த்துப் பார்க்கிற' வேலை அந்த வினைக்குள்ளேயே இருக்கு. 'முகம் மட்டுக்கட்டாமை' என்று வைக்கலாம். பாடப்புத்தக நடையில் வேண்டுமென்றால் 'இனங்காணாமை'யும் இருக்கு, ஆனால் அது பூச்சிக்கும் செடிக்கும் கூடப் பொருந்தும்.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

மட்டுக்கட்டுதல் அருமை, நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுதான் சங்கடம். இங்கே புறநோயாளி வரிசையில் இருப்பவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

பொச்சாப்பைக் கேள்விப்பட்டிருப்பாரோ?

சிங்கப்பூர், மென்பொருளாளர்:

(கொஞ்சம் வழி விலகல், பொறுத்துக்கொள்ளவும்.) புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரம் நினைவுக்கு வருகிறது. தேவர்கள் நால்வரும் நளனாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முகத்தை வைத்து எதுவும் செய்வதற்கில்லை. அவள் என்ன செய்தாள்? கண் இமைக்கிறதா, கால் தரையில் படுகிறதா, மாலை வாடுகிறதா என்று பார்த்து நளனைக் கண்டுபிடித்தாள். முகம் உதவாதபோது வேறு அடையாளங்களால் ஆளை அறிகிற முறைக்கு இதைவிடப் பழைய வருணனை தமிழில் கிடைக்குமா?

மதுரை, தமிழாசிரியர்:

பொருந்தாது. அங்கே குறை முகங்களில் இருந்தது, ஐந்தும் ஒன்று. தமயந்தியின் அறிவில் குறை இல்லை. புகழேந்தியை மருத்துவமனைக்கு இழுக்க வேண்டாம்.

சென்னை, புதிய உறுப்பினர்:

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இது சிறு வயதிலிருந்தே இருக்கிறது. சிங்கப்பூர் அண்ணா சொன்ன முறைதான் நான் பிழைக்கிற முறை. நடை, தோள், கைப்பை, சிரிக்கும் சத்தம், எந்த மேசையில் உட்காருகிறார் என்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் முடிவெட்டிக்கொண்டு வந்தார், லிஃப்டில் அவரிடமே "நீங்க எந்த டீம்?" என்று கேட்டேன். அலுவலகத்தில் எனக்குத் தினமும் சுயம்வர மண்டபம்தான்.

என் கருத்து: வீட்டில் யாரும் 'அறியாமை' என்று சொன்னதில்லை. "இவளுக்கு மூஞ்சி மறந்துபோகும்" என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்வார், கேட்டவர்களும் சரி என்று புரிந்துகொள்வார்கள். 'முகமறதி' போதாதா?

கோவை, மருத்துவர்:

தங்கையின் வீட்டில் புரிந்தது உண்மை. ஆனாலும் என் மறுப்பைக் கேளுங்கள். மறதி என்றால் முதலில் பதிந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பலமுறை பதிவதே இல்லை. அதோடு, பழைய முகங்கள் எல்லாம் நன்றாகத் தெரிந்து, புதிதாகச் சந்தித்தவர்களின் முகம் மட்டும் நிற்காமல் போகும் நிலை தனியாக ஒன்று இருக்கிறது. 2000இல் அதை விவரித்தவர்கள் கடைசிப் பாதியில் 'அம்னீசியா'வை (மறதி) ஒட்டி வேறு பெயர் வைத்தார்கள். 'முகமறதி' என்பது அதற்குத்தான் அச்சாகப் பொருந்தும். இப்போது இதற்குச் செலவழித்துவிட்டால் அப்புறம் அதற்கு என்ன செய்வீர்கள்?

மதுரை, தமிழாசிரியர்:

அதற்குப் பொச்சாப்பு இருக்கிறது.

சிங்கப்பூர், மென்பொருளாளர்:

மருத்துவர் சொல்வது சரிதான், ஆனால் வரையறை முழுவதையும் சொல்லே சுமக்க வேண்டும் என்றால் உலகில் ஒரு கலைச்சொல்லும் தேறாது. மாலைக்கண் என்கிறோம். அந்த நோய் மாலையோடு நிற்பதில்லை, கண் மாலையில் முளைப்பதும் இல்லை. நூற்றாண்டுகளாக எல்லாருக்கும் புரிகிறது. முகமறதிக்கு என் வாக்கு.

யாழ்ப்பாணம், ஆசிரியை:

மட்டுக்கட்டாமை எடுபடாது என்றால் நானும் முகமறதிக்கே வாறன். ஆனால் விளக்க வரியில் 'மட்டுக்கட்ட முடியாத' என்று ஒரு இடத்தில் போட்டுவிடுங்கோ. துண்டறிக்கை இங்கேயும் யாராவது எடுத்துப் பயன்படுத்தலாம்தானே.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். நான் அனுப்பியது இது. தலைப்பு: முகமறதி. அதன் கீழே சிறிய எழுத்தில்: 'பார்த்துப் பழகியவரையும் முகத்தை வைத்து அடையாளம் காண (மட்டுக்கட்ட) முடியாத நிலை. இது கண் நோய் அல்ல, ஞாபக மறதி நோயும் அல்ல.' தலைப்பில் மறதி என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே மறதி நோய் அல்ல என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் மருத்துவர் ஐயா கேட்ட வேறுபாட்டை ஒரு வரியில் காட்ட வேறு வழி தெரியவில்லை.

கோவை, மருத்துவர்:

விளக்க வரி நன்றாக இருக்கிறது. தலைப்பை ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'முகம் அறியாமை'யை மறுபடி எடுப்பேன்.

மதுரை, தமிழாசிரியர்:

ஏற்கவில்லை என்பவர் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளவும். காரணம் வேறு. முகமறதி என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், மகர ஈறு கெட்டது சரி. 'ஞாபக மறதி' என்று எழுதியதற்கு என்ன சமாதானம்? நினைவு எங்கே போயிற்று?