காப்பர் டி நூல் தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் இல்லை. உதவி!

கோட்டையூர் மருமகள்:
அவசரம். கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் போட்ட காப்பர் டியின் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை. ஸ்கேன் பார்த்தோம், கர்ப்பப்பையில் இல்லையாம். "விழுந்திருக்கும், வேறு போட்டுக்கலாம்" என்கிறார்கள். விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. எங்கே போயிருக்கும்?

புதுவயல் நர்ஸ்:
எப்போது போட்டது? பிரசவமான கையோடா, பிறகா? சிசேரியனா? பால் கொடுக்கிறீர்களா? வலி, காய்ச்சல்?

எல்லாம் பார்த்தவன்:
பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் வராது போல. நூல் உள்ளே சுருண்டிருக்கும். அவ்வளவுதான்.

செக்காலை அக்கா:
சார், ஸ்கேனிலேயே இல்லை என்று எழுதியிருக்கிறாள். படித்தீர்களா?

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் காலத்தில் ஒருத்திக்கு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்பார்கள். இதெல்லாம் எதுக்கும்மா?

புதுவயல் நர்ஸ்:
நெஞ்சுக்கெல்லாம் ஏறாது ஆச்சி. பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

கோட்டையூர் மருமகள்:
மகன் பிறந்த ஆறாவது வாரம், தடுப்பூசிக்குப் போனபோது போட்டது. சுகப்பிரசவம். பால்தான் கொடுக்கிறேன். போடும்போது சுரீர் என்று வலித்தது. இப்போது வலது அடிவயிற்றில் லேசாக வலி. காய்ச்சல் இல்லை. இன்னும் தலைக்குக் குளிக்கவில்லை.

புதுவயல் நர்ஸ்:
இதைத்தானே முதலில் கேட்டேன் தாயி. கர்ப்பப்பையில் இல்லை என்றால் ஒன்று வெளியே விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். ஸ்கேனை மட்டும் வைத்து விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. துளைப்பது ஆயிரத்தில் ஒருவர், இருவருக்குத்தான். ஆனால் பால் கொடுக்கும்போது போட்டால் அந்த வாய்ப்பு கூடும், கர்ப்பப்பை அப்போது மெலிந்து மென்மையாக இருக்கும். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. மாதவிலக்கு வரவில்லை என்பதால் கரு தங்காது என்று நினைக்காதீர்கள். அப்புறம் வயிறு முழுக்க எக்ஸ்ரே, இடுப்பு மட்டும் போதாது. காப்பர் டியில் பேரியம் கலந்திருப்பதால் வெள்ளையாகத் தெரியும். படம் பார்க்காமல் வேறொன்று போட்டுக்கொள்ள வேண்டாம். வலி கூடினாலோ, காய்ச்சல், மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் பார்த்தவன்:
பால் கொடுப்பவளுக்கு எக்ஸ்ரேயா? பால் கெட்டுவிடும்.

செக்காலை அக்கா:
கெடாது. எடுத்துவிட்டு வந்த உடனேயே கொடுக்கலாம். இவ்வளவுக்கும் வீட்டுக்காரர் தழும்பில்லாத கருத்தடை செய்துகொண்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. தையல்கூடப் போடமாட்டார்கள்.

எல்லாம் பார்த்தவன்:
வெளிநாட்டில் மூட்டை தூக்கிச் சம்பாதிப்பவனுக்கு உடம்பில் தெம்பு வேண்டாமா?

செக்காலை அக்கா:
தெம்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வெட்டுவது விந்துக் குழாயை. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், அப்புறம் விந்தைச் சோதித்துப் பார்த்தால் முடிந்தது.

பள்ளத்தூர் ஆச்சி:
பொது இடத்தில் இப்படியா பேசுவது!

செக்காலை அக்கா:
நெஞ்சுக்கு ஏறின கதையை மட்டும் பேசலாமாக்கும்.

கோட்டையூர் மருமகள்:
சிறுநீரில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே தெரிகிறது. லேப்ராஸ்கோப்பி வேண்டுமாம், வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு எடுப்பதாம், சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் அழுகிறான், வருகிறேன்.

புதுவயல் நர்ஸ்:
நல்லது. வலி குறைந்துவிட்டது என்று தள்ளிப் போடாதீர்கள். செம்பு கிடக்கிற இடத்தில் குடல் ஒட்டிக்கொள்ளும், அபூர்வமாக மூத்திரப்பைக்குள் போய்க் கல்லும் கட்டும். படத்தையும் காப்பர் டி கார்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எல்லாம் பார்த்தவன்:
நூல் சுருண்டிருக்கும் என்று சொன்னது பொதுவாகச் சொன்னது.