இடது ஷாக் அப்சார்பரின் வளையம் அசையவில்லை, ராடில் துருப் புள்ளிகள்: உதவுங்கள்

கேள்வி:

வணக்கம். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் உள்ள பழைய பைக் ஒன்றை மூன்று மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதை வெகுநாள் மழையிலும் வெயிலிலும் நிறுத்தி வைத்திருந்தார். இன்ஜினில் குறை இல்லை, பின்பக்கம்தான் கவலை தருகிறது.

இரண்டு ஸ்பிரிங்கிலும் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கீழே நெருக்கமாக இருக்கும் சுற்றுகளில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. இடது ராடில் (ஷாக்குக்குள் போய் வரும் பளபளப்பான கம்பி) கடுகளவு பழுப்புப் புள்ளிகள் நான்கு.

பெரிய பிரச்சினை அட்ஜஸ்ட்மென்ட், அதாவது ஸ்பிரிங்கைப் படிப்படியாக அழுத்தி வைக்கும் வளையம். வலது பக்க வளையம் டூல் கிட்டில் வந்த கொக்கி ஸ்பேனருக்குச் சுலபமாகத் திரும்புகிறது, இப்போது இரண்டாம் படியில் இருக்கிறது. இடது பக்கம் அசையவே இல்லை, ஸ்பேனர்தான் நழுவுகிறது. முதல் படியில் இருப்பதாக நினைக்கிறேன், சேறு அப்பியிருப்பதால் சரியாகத் தெரியவில்லை. மனைவி பின்னால் உட்காரும்போது இரண்டையும் ஏற்றி வைக்க வேண்டும். தனியாக ஓட்டினால் பள்ளத்தில் முதுகு வரை அடிக்கிறது. ஷாக்கையே மாற்றிவிட வேண்டுமா?

பதில் 1:

மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்க்ரூ டிரைவரை வளையத்தின் பல்லில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், திரும்பிவிடும். என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

பதில் 2:

தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பல் உடைந்தால் பிறகு ஸ்பேனர் பிடிக்க இடமே இருக்காது. மண்ணெண்ணெய் கீழே ஷாக்கை வண்டியோடு இணைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் ஊறினால் ரப்பர் உப்பி இளகிப் போகும்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஸ்பிரிங்கில் பெயின்ட் உரிவது பெரும்பாலும் தோற்றக் குறைதான். நெருக்கமான சுற்றுகள் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றோடொன்று முட்டும், அங்கே பெயின்ட் நிற்காது. ஆனால் ஸ்பிரிங்கின் நடுவில், ஒரே பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ உரசுகிறது என்று அர்த்தம், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ராடு அப்படி இல்லை. அதன் மேல் உள்ள குரோம் மிக மெல்லியது. புள்ளி இருக்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஆயில் சீலுக்குள் (உள்ளே இருக்கும் ஆயிலை வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு) போய் வந்தால், அது சீலின் உதட்டை அரம் போல அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் புள்ளிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. சுற்றுகளுக்கு இடையே ஒரு மெல்லிய கேபிள் டையை நுழைத்து, ராடில் லேசாக இறுக்கி, சீலோடு ஒட்டித் தள்ளி வையுங்கள். நன்றாகக் குலுங்கும் சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எதுவரை நகர்ந்ததோ அதுவரைதான் சீல் தொடுகிறது. அதற்கு அப்பால், ரப்பர் தடுப்பை ஒட்டி இருக்கும் புள்ளியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். சீல் தொடும் இடத்தில் இருந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். வழுக்கினால் சுற்றுவாட்டில் மெதுவாகத் துடைக்கலாம், மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது, நெடுக்கில் விழும் கீறல் வழியாக ஆயில் வெளியேறும். நகம் மாட்டினால் அந்த ஷாக் நீண்ட நாள் தாங்காது.

பதில் 3:

பதில் 2-இல் அண்ணன் சொன்னது சரி. வளையத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைத் தொங்க விடுங்கள், ஸ்பிரிங்கின் மேல் சுமை குறையும். பழைய டூத் பிரஷும் சோப்பு நீரும் கொண்டு சேற்றைக் கழுவி, படிகள் எந்தப் பக்கம் உயர்கின்றன என்று பாருங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பெரும்பாலான வளையங்களில் கடைசிப் படிக்கு அப்புறம் செங்குத்தான சுவர் இருக்கும். அந்தத் திசையில் எவ்வளவு முக்கினாலும் திரும்பாது. நீங்கள் முதல் படி என்று நினைப்பது கடைசிப் படியாக இருக்கலாம். தனியாகப் போகும்போது முதுகில் அடிக்கிறது என்கிறீர்களே, அதுவும் இதோடு ஒத்துப் போகிறது.

அப்புறம் துரு நீக்கும் எண்ணெயைத் துணியில் நனைத்து வளையத்தைச் சுற்றிக் கட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். நேரடியாக ஸ்பிரே அடித்தால் டயரிலும் பிரேக்கிலும் படும், அது ஆபத்து. காலையில் பல்லில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேனரை மாட்டி, வளையத்தின் மேல் மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே, படி இறங்கும் திசையில் கொஞ்சம், திரும்ப எதிர்த் திசையில் கொஞ்சம் என்று அசையுங்கள். தீயால் சூடு காட்ட வேண்டாம். உள்ளே ஆயில் இருக்கிறது, சில வகைகளில் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் இருக்கும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. இரண்டு ராத்திரி ஊற விட்டேன். சேறு போன பிறகுதான் தெரிந்தது, இடது வளையம் ஐந்தாம் படியில் இருக்கிறது! வலது இரண்டில், இடது ஐந்தில் என்று மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். நான் சுவரைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். திசையை மாற்றியதும் "டக்" என்று ஒரு சத்தம், துருத்தூள் உதிர்ந்தது, நான்காம் படிக்கு இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு படியும் எளிது. இப்போது இரண்டு பக்கமும் இரண்டில் இருக்கிறது, தனியாகப் போகும்போது அந்த அடி இல்லை.

ராடில் மூன்று புள்ளிகள் டைக்கு அப்பால் இருக்கின்றன. ஒன்று மட்டும் சீல் தொடும் இடத்தில், நகம் மாட்டுகிறது. இன்னும் ஆயில் கசியவில்லை.

பதில் 2:

நல்லது. கசியாத வரை ஓட்டலாம், ஆனால் வாரம் ஒருமுறை ராடையும் சீலின் விளிம்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. சொட்டினால் மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டையும் ஜோடியாக. சீட்டை அமுக்கிவிட்டு எடுத்தால் வண்டி ஒருமுறை எழுந்து நிலைக்க வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினாலும் அதே முடிவுதான்.

ஸ்பிரிங்குக்குப் பெயின்ட் அடிப்பதானால் ராடையும் புஷ்ஷையும் டேப்பால் மூடிவிடுங்கள். துருவை பிரஷ்ஷால் எடுங்கள், கிரைண்டர் வேண்டாம். அது போடும் கீறலில்தான் ஸ்பிரிங் விரிசல் விடத் தொடங்கும்.

பதில் 3:

வளையம் சுழலும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மனைவி ஏறும்போது இரண்டு பக்கமும் நான்காம் படிக்கு ஏற்றிப் பாருங்கள், இறங்கியதும் மறக்காமல் திரும்ப இரண்டுக்குக் கொண்டு வாருங்கள். படி ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது, வண்டி உட்காரும் உயரம்தான் மாறும். நீங்கள் உட்கார்ந்தால் பின்சக்கரத்தின் மொத்த அசைவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழ வேண்டும். டேப் எடுத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:

இன்று மாலை அளக்கிறேன் அண்ணா. வெள்ளைத் துணியைச் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டேன்.