நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் ஸ்பிரிங் கேம் முடிந்தது: ரயோலாவை நம்பி எவ்வளவு ஆசைப்படலாம்?

சோளவயல்:
சனிக்கிழமை (2024 ஏப்ரல் 27) லிங்கன் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஸ்பிரிங் கேம் (அணி தனக்குள்ளேயே ஆடும் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம்) பார்க்கப் போயிருந்தேன். 60,000 பேருக்கு மேல் கூட்டம். இங்கே படிக்க வந்த பிறகுதான் எனக்கு அமெரிக்க ஃபுட்பால் பழக்கமானது. அதனால் நுணுக்கம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். புதுமுக குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டிலன் ரயோலா 239 யார்டு எறிந்தார், இரண்டு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லையைக் கடப்பது). என் அறைத்தோழன் அன்று இரவே தேசியப் பட்டத்துக்கான 12 அணி பிளேஆஃப் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். போன ஆண்டு 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்த அணி இது; 2016-க்குப் பிறகு ஒரு பவுல் ஆட்டம்கூட (போதிய வெற்றி பெற்ற அணிகளுக்கு சீசன் முடிவில் கிடைக்கும் சிறப்பு ஆட்டம்) கிடையாது. ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்து எதை நம்புவது, எதை விடுவது?

பிளாட்நதி:
தம்பி, அந்த 239 யார்டை முதலில் ஓரமாக வையுங்கள். ஸ்பிரிங் கேமில் குவார்ட்டர்பேக்கைத் தொட்டாலே விசில் ஊதிவிடுவார்கள். தன் மேல் யாரும் விழப்போவதில்லை என்று தெரிந்தவன் நிதானமாகத்தான் எறிவான். அதோடு, எதிரே நிற்பதும் நம் பையன்கள்தான். நீண்ட பாஸ் ஒன்று டச்டவுன் ஆனால் கைதட்டுகிறோம். அதே நொடியில் நம் கார்னர்பேக் (பாஸைத் தடுக்க நிற்பவர்) ஒருவர் ஏமாந்திருக்கிறார் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். நம் லீக்கான பிக் டென்னின் டிவி நெட்வொர்க்கில் ஒளிபரப்பாகும் ஆட்டம் என்பதால் கோச்சுகள் உருப்படியான எந்தத் திட்டத்தையும் காட்ட மாட்டார்கள். செப்டம்பரில் வரவிருக்கும் கொலராடோவும் அதைப் பார்க்குமே.

ரயோலாவிடம் நம்பத்தகுந்தது ஒன்று உண்டு: பந்து கையை விட்டுப் போகும் வேகம். தடுப்பாட்டக்காரர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது அவருடைய சொத்து. பக்கவாட்டிலிருந்து மணிக்கட்டைச் சுழற்றி எறியும்போதும் பந்து தளராமல் போகிறது. அப்பா டொமினிக் இங்கே சென்டராக (குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர்) ஆடி, பிறகு தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸில் பல ஆண்டுகள் நின்றவர். சித்தப்பா டோனவன்தான் இந்த ஆண்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் நம் தாக்குதல் வரிசைக்குக் கோச். பந்தைப் பற்றி இந்தப் பையனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைவு.

ஆனாலும் எனக்கு 2018 மறக்கவில்லை. ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக வந்த முதல் வசந்தம். 86,818 பேர் ஸ்பிரிங் கேம் பார்த்தார்கள். ஏட்ரியன் மார்ட்டினெஸ் என்ற புதுமுகம் அன்று அரங்கத்தையே கட்டிப்போட்டார். ஆகஸ்ட் கடைசியில் அவரே முதல் குவார்ட்டர்பேக் என்று முடிவானதும், போட்டியில் தோற்ற டிரிஸ்டன் கெப்பியா வேறு பல்கலைக்கழகம் தேடிப் போய்விட்டார். யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அக்ரனுடன் முதல் ஆட்டம் மின்னலால் நின்றுபோனது. அடுத்தது கொலராடோ. நான்காவது குவார்ட்டரில் முன்னிலையில் இருந்தபோது மார்ட்டினெஸின் முழங்காலில் அடி. உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்த ஆண்ட்ரூ பஞ்ச் உள்ளே வந்தார். 33-28 என்று தோற்றோம். அடுத்த வாரம் டிராயிடமும் 24-19. முதல் ஆறு ஆட்டமும் போய், சீசன் 4-8 என்று முடிந்தது. ஏப்ரலில் எல்லோரும் பார்த்தது மார்ட்டினெஸை. பார்த்திருக்க வேண்டியது அவருக்குப் பின்னால் நின்றவர்களை.

அதனால் என் கேள்வி ஹைன்ரிக் ஹார்பர்க்கைப் பற்றியது. போன ஆண்டு பெரும்பாலான ஆட்டங்களைக் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர், கால் வேகம் உள்ளவர். போன ஆண்டின் மற்ற குவார்ட்டர்பேக்குகளான ஜெஃப் சிம்ஸும் சப்பா பர்டியும் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் வசந்தகால டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இந்த ஆண்டு ஏப்ரல் 30 வரை திறந்திருக்கிறது. இப்போதைய விதிப்படி மாறிப் போகிறவர் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம். ஹார்பர்க் இங்கேயே தங்கினால், ஸ்பிரிங் கேமில் பார்த்த எந்த டச்டவுனையும்விட எனக்கு அது பெரிய சேதி.

செந்தொப்பி:
பிளாட்நதி ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் 2018-ஐயே காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். நம் தலைமைக் கோச் மேட் ரூல் வேறு மாதிரி. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு 2-10, இரண்டாம் ஆண்டு 6-6, மூன்றாம் ஆண்டு 10-4. பெய்லரில் 1-11, பிறகு 7-6, பிறகு 11-3. இரண்டு இடத்திலும் இரண்டாம் ஆண்டில்தான் அணி நிமிர்ந்தது. இங்கே இது அவருக்கு இரண்டாம் ஆண்டு. தடுப்பாட்டத்தில் டை ராபின்சன், நாஷ் ஹட்மாக்கர் இருவரும் திரும்பி வருகிறார்கள். தடுப்பாட்டக் கோச் டோனி வொயிட்டின் 3-3-5 அமைப்பு (முன்னால் மூவர், நடுவில் மூவர், பின்னால் ஐவர்) போன ஆண்டே பல ஆட்டங்களில் நம்மைத் தூக்கி நிறுத்தியது. வைட் ரிசீவர்களில் (பாஸைப் பிடிப்பவர்கள்) வேக் ஃபாரஸ்ட்டிலிருந்து ஜமால் பேங்க்ஸும் டெக்சஸிலிருந்து ஐசையா நேயரும் வந்திருக்கிறார்கள். போன ஆண்டு பந்தை எறிய ஆளும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. இப்போது இரண்டும் இருக்கிறது. சந்தோஷப்பட நமக்கு உரிமை இல்லையா?

பிளாட்நதி:
செந்தொப்பி, தாராளமாகச் சந்தோஷப்படுங்கள் அம்மா. ரூல் மீது எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. தடுப்பாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

என் கவலை வேறு இடத்தில். போன ஆண்டு ஏழு தோல்வி. கொலராடோவும் மிச்சிகனும் நம்மை நன்றாகவே அடித்தன. மீதி ஐந்தும் ஏழு புள்ளிக்குள் போனவை. மின்னசோட்டா 13-10. மேரிலாண்ட் 13-10. அயோவா 13-10. மூன்றிலும் கடைசி நொடி ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி). அயோவா ஆட்டத்தன்று அரங்கத்தில் இருந்தேன். 10-10 என்று நின்றது, கடிகாரத்தில் சில நொடிகளே பாக்கி. ஓவர்டைம் என்று எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் பர்டி எறிந்த பந்தை அயோவாவின் டிஃபென்சிவ் எண்டு (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) பிடித்தார். அடுத்து ஒரே ஓட்டத்தில் இருபது யார்டுக்கு மேல் போனார்கள், உதைத்தார்கள், முடிந்தது. பவுல் ஆட்டத்துக்கு இன்னும் ஒரே வெற்றி போதும் என்றிருந்த நாள் அது. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அரங்கம் பாதி காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் இந்த அணியின் எதிர்காலத்தை யார்டு கணக்கில் என்னால் பார்க்க முடியவில்லை. 2023-இல் பந்தைப் பறிகொடுப்பதில் நாட்டின் மோசமான அணிகளில் நாமும் ஒருவர். ரயோலா ஆட்டத்துக்கு முந்நூறு யார்டு எறிய வேண்டாம். மூன்றாம் டவுனில் (பத்து யார்டு போகக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வழி இல்லாதபோது பந்தை வெளியே எறிந்துவிட்டு, அடுத்து பந்தை உதைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டால் போதும். பள்ளியில் எல்லா எறிதலும் பலித்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு அதுதான் கடினம். அடி விழாத ஆட்டத்தில் அந்தப் பொறுமை இருக்கிறதா என்று சோதிக்கவே முடியாது.

சோளவயல் தம்பி, ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை பந்தைப் பின்தொடராதீர்கள். சென்டர் பந்தைக் கொடுத்ததும் அவருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளின் முதல் காலடி முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓட்ட ஆட்டம் என்று தெரிந்தும் காலடி பின்வாங்கினால், வரிசை தள்ளப்படுகிறது என்று அர்த்தம். பென் ஸ்காட், பிரைஸ் பென்ஹார்ட் போன்ற மூத்தவர்கள் திரும்பி வந்திருப்பதால் எனக்கு இங்கே நம்பிக்கை அதிகம். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் வரிசைதான் எனக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை. போன ஆண்டு காயங்கள் தாக்குதல் வரிசையைத்தான் சிதைத்தன.

சோளவயல்:
ஐயா, நன்றி. கார்டின் காலடியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, இன்று இரவே பார்க்கிறேன். அறைத்தோழன் ஒன்பது வெற்றி என்கிறான். உங்கள் கணக்கு என்ன?

பிளாட்நதி:
ஏழு.

அட்டவணை நமக்குச் சாதகம். முதல் நான்கும் சொந்த மண்ணில்: டெக்சஸ் எல் பாசோ, கொலராடோ, நார்தர்ன் அயோவா, இல்லினாய். இதில் மூன்று வர வேண்டும். நான்கும் வந்தால் உங்கள் அறைத்தோழரோடு சேர்ந்து நானும் கணக்குப் போடுகிறேன். பர்டூ, ரட்கர்ஸ் இரண்டிலும் நாம்தான் வலுவான அணி என்று நினைக்கிறேன். கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டை வெல்வோம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பிக் டென்னில் இந்த ஆண்டு முதல் பதினெட்டு அணிகள், கிழக்கு மேற்குப் பிரிவுகளும் போய்விட்டன. அதனால்தான் நவம்பரில் யூசிஎல்ஏ, யூஎஸ்சி, விஸ்கான்சின், அயோவா என்று வரிசையாக வருகிறார்கள். அந்த நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் ஆறு வந்துவிட்டால் பையன்கள் பதற்றமில்லாமல் ஆடுவார்கள். ஐந்தில் நின்றால் போன ஆண்டு நவம்பரில் பட்ட தோல்விகள்தான் எல்லோர் தலையிலும் ஏறி உட்காரும்.

ஒன்பது வர வேண்டுமானால் நெருக்கமான ஆட்டங்களில் பாதிக்கு மேல் நம் பக்கம் விழ வேண்டும். 2021-இல் ஒன்பது தோல்வியும் பத்துப் புள்ளிக்குள் போன அணி இது. அந்தப் பழக்கம் மாறியதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிறகு ஒன்பது என்று எழுதுகிறேன்.

செந்தொப்பி:
நான் எட்டு. செப்டம்பர் 7 கொலராடோ ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். ஐயா, நீங்கள் வருகிறீர்களா?

பிளாட்நதி:
வருகிறேன் அம்மா. போன ஆண்டு போல்டரில் 36-14 என்று வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாள், வீட்டில் இருக்க முடியுமா? இரண்டு டிக்கெட் இருக்கிறது. சோளவயல் தம்பிக்கு இடம் இல்லையென்றால் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.